நின்றவன் வந்து சேர்ந்துகொள்வான்

டிரம் கதவில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க டாக்டர்."

"சாய்ச்சுத்தான் பிடிச்சிருக்கேன். நீங்க உங்க பக்கம் தூக்குங்க."

"நான் எப்பவோ தூக்கிட்டேன். பல்லவிதான் கீழ இறக்குறாரு."

டிரம்மோடு இருந்த பித்தளைத் தட்டு சுவரில் மோதி வீடு முழுக்கக் கணீரென்றது. கூடத்தில் பெட்டியைச் சுற்றி நாற்காலிகளில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சாவு வீட்டில் சிரிப்பு வந்தால் அடக்குவது கஷ்டம். செத்தவரின் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின் அறைப் பக்கம் போனாள். பெட்டிக்குள் படுத்திருப்பவர் உயிரோடு இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படிப் போவாளோ, அதே வேகத்தில்தான் போனாள்.

கதவில் நின்றவர்கள் மூன்று பேர். பஸ் டிரைவர் கீபோர்டு வாசிப்பவர். பல் டாக்டர் கிட்டார். பாடுகிறவர் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறார். எந்தப் பாட்டிலும் பல்லவியைத் தாண்டி ஒரு வரி தெரியாது என்பதால் அவருக்குப் பல்லவி என்றே பெயர். நாலாவது ஆள் அவளுடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தாறு வயதில் டிரம் வாங்கினார். பதினாலு மாதமாக ஞாயிறு தவறாமல் இந்த நாலு பேரும் அவள் காதைத் தின்றார்கள். சரியாக வராதபோதெல்லாம் அறை சின்னது, சுவர் எதிரொலிக்கிறது என்பார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

"என்ன பண்றீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல மேடம்," என்றார் பல் டாக்டர். இடுப்பளவு டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று சொல்ல அவரால்தான் முடியும். பல்லைப் பிடுங்குவதற்கு முன்பும் அப்படித்தான் சொல்வார்.

"வண்டி கிளம்பறப்போ ஒரே ஒரு பாட்டு, தங்கச்சி," என்றார் பல்லவி. "அவன் பக்கத்துல டிரம்மை வச்சுட்டு, நாங்க மூணு பேரும் சும்மா..."

"எந்தப் பாட்டு?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முழுசா ஒரு பாட்டாவது தெரியுமா உங்களுக்கு?"

"முழுசான்னா..." என்று பல்லவி இழுத்தார்.

"ஒண்ணும் வாசிக்க வேண்டாம். போற நாள்லயாவது அவரைப் பார்த்து நாலு பேர் சிரிக்காம இருக்கட்டும். இந்த வீடும் கொஞ்சம் அமைதியா இருக்கட்டும்."

கூடத்தில் அவளுடைய தங்கை புதிதாக வந்த யாரிடமோ அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்த நேரம் பார்த்து நான் அக்காகூட போன்ல பேசிட்டிருக்கேன். ஒண்ணுமே தெரியல எங்களுக்கு." காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவாளோ என்று இவளுக்குத் திக்கென்றது. ஏனென்றால் ஒன்றுமே தெரியாது என்பது பொய். நேற்று அடுத்த அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது டிரம் சத்தம் மட்டும் நின்றது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டு, "அவரு டிரம் நின்னுடுச்சுடி, இப்பதான் நிம்மதியா இருக்கு," என்று சிரித்தாள்.

மகள் வேகமாக வந்தாள். விடிந்ததிலிருந்து போனும் கையுமாக அலைகிறாள். "அம்மா, அப்பாவோட அடையாள அட்டை ஒரிஜினல் வேணுமாம். மயானத்து ஆபீஸ்ல காட்டாம உள்ள விடமாட்டாங்களாம். பதினோரு மணிக்கு வண்டி வந்துடும். எங்க இருக்கு?"

"அவரோட டூல்ஸ் பையில."

"பை எங்க?"

பை பின் அறைக்குள் இருந்தது. எல்லோரும் கதவை அடைத்துக்கொண்டு நின்ற டிரம்மைப் பார்த்தார்கள்.

சாதாரண டிரம் என்றால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடலாம். அவர் சாதாரணமாக எதைச் செய்தார்? பெரிதும் சின்னதுமாக எல்லா டிரம்களையும் தட்டுகளையும் ஒரே இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார், ஆடக் கூடாதாம். அதையும் அறைக்குள்ளேயே உட்கார்ந்து செய்தார். லிஃப்ட் வாசலைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்கிற மனிதர், சொந்த வீட்டுக் கதவை அளக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

"தள்ளுங்க," என்றாள் அவள். "நான் அடியில போறேன்."

"மேடம், வேண்டாம்..."

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க. என் தலையில போட்டீங்கன்னா அந்த வண்டி ரெண்டு தடவை வரணும்."

ஐம்பத்துமூன்று வயதில், முழங்கால் வலியோடு, கணவரின் சாவன்று, அவருடைய டிரம்முக்கு அடியில் தவழ்ந்து போனாள். இதை அவரிடம் சொல்லித் திட்ட முடியாதே என்றுதான் முதலில் ஆத்திரம் வந்தது.

உள்ளே ஜன்னல் சாத்தியிருந்தது. கதவை ஒட்டி வாஷிங்மெஷின். அதுதான் இவர்களுக்கு ரசிகர். அதைப் பார்த்துத்தான் மூன்று பேரும் வரிசையாக நிற்பார்கள். அவர் உள்மூலையில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. யாரும் நிமிர்த்தி வைக்கவில்லை. அவளும் அதைத் தொடவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பையைத் திறந்தாள்.

அட்டை பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அதோடு நாலைந்து பழைய வேலைச் சீட்டுகள். பின்பக்கம் பென்சிலில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார். மேலே மகளின் செல்லப்பெயர். மகளின் ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து பாட்டுக் குழு தொடங்கப் போகிறார்கள். எப்படித் தொடங்குவது என்று போன வாரம் அப்பாவிடம் யோசனை கேட்டாள். கேட்டதுதான் தாமதம், மனிதர் வாரம் முழுக்க "எழுதிட்டிருக்கேன், எழுதிட்டிருக்கேன்" என்று சாப்பிடக்கூட வராமல் உயிரை வாங்கினார்.

'நண்பர்களோடு குழு தொடங்காதே. நன்றாக வாசிப்பவர்களாகப் பார். அவர்கள் உன்னோடு வர மாட்டார்கள். அதனால் நண்பர்களோடே தொடங்கு.'

அவள் மூக்கால் ஒரு மூச்சு விட்டாள்.

'முதல் நாளே பெயர் வைக்காதே. நாங்கள் பெயருக்கே மூன்று மாதம் சண்டை போட்டோம். பெயர் இன்னும் இல்லை, சண்டை இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஒரு பாட்டை எடு. நல்ல பாட்டாக எடுக்காதே, கெடுத்துவிட்டால் மனசு கஷ்டப்படும்.'

'பக்கத்து அறையில் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தால் நல்லது. எவ்வளவு மோசமாக வாசிக்கிறோம் என்பது வாசிக்கும்போது நமக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும். உன் அம்மா ஒரு ஞாயிறு திட்டவில்லை. அன்று நாங்கள் கொஞ்சம் நன்றாக வாசித்திருக்க வேண்டும், அல்லது அவள் ஊரில் இல்லை.'

"ஊர்ல இல்ல," என்றாள் சத்தமாக.

"என்ன அண்ணி?" என்றார் வெளியிலிருந்து டிரைவர்.

"ஒண்ணுமில்ல."

கடைசிச் சீட்டில் எழுத்து இன்னும் நெருக்கமாக இருந்தது.

'இது முக்கியம். யாராவது நடுவில் நின்றுவிட்டால் மற்றவர்கள் நிற்காதீர்கள். முதல் நாலு மாதம் எங்களில் ஒருவன் தப்பு செய்தால் மற்ற மூன்று பேரும் நிறுத்திவிட்டு அவனையே பார்ப்போம். அடுத்த வாரம் அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். அப்புறம் நான்தான் சட்டம் போட்டேன். நிறுத்தவும் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. நின்றவன் வந்து சேர்ந்துகொள்வான்.'

அதை இரண்டு முறை படித்தாள்.

"அண்ணி," என்றார் டிரைவர் மறுபடியும். டிரம்களுக்கு நடுவில் அவருடைய ஒரு கண்ணும் பாதி மீசையும் மட்டும் தெரிந்தன. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்ப வேண்டாம்யா," என்றார் பல் டாக்டர்.

"எப்பன்னு சொல்றது? அவரு போனப்புறமா? அண்ணி, நேத்து டிரம் நின்னப்புறமும் நாங்க வாசிச்சிட்டுத்தான் இருந்தோம். போன்ல பதிவு பண்ணிட்டிருந்தேன். காலையில போட்டுக் கேட்டேன். டிரம் நிக்குது. அதுக்கப்புறம் நாலு நிமிஷம் பத்து செகண்ட் எங்க சத்தம் மட்டும் வருது. ஏதோ விட்டுட்டாரு, வந்துடுவாருன்னு..." இரும்புச் சட்டத்தைக் கை மாற்றிப் பிடித்தார். "திரும்பக் கூடாதுன்னு ரூல் அண்ணி. ஒருத்தரும் திரும்பல."

அவள் மருந்துக்கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். வருடத்துக்கு ஒரு தடவை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். இதயம் நின்றால் நாலு நிமிஷத்துக்குள் நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும் என்பது அவளுக்குப் பாடமாகவே தெரியும். நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர், உடனே முடிந்திருக்கும், யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார். அப்படிச் சொல்வது அவர்கள் வழக்கம். கவுன்டரில் நின்று அவளே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"நாலு நிமிஷமா?"

மகளின் குரல். அட்டைக்காகக் காத்துக்கொண்டு அந்த மூன்று பேருக்கும் பின்னாலேயே நின்றிருக்கிறாள்.

"மூணு பேர் ஒரே ரூம்ல நின்னுட்டு, ஒருத்தருக்குக் கூடவா திரும்பத் தோணல? எங்கப்பா பின்னால செத்துட்டிருக்காரு, நீங்க பாட்டுக்கு வாசிச்சிட்டிருக்கீங்க! இதுல ஒருத்தர் டாக்டர் வேற!"

"நான் பல் டாக்டர்மா," என்றார் அவர். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"போங்க. முதல்ல இந்த வீட்டை விட்டு வெளிய போங்க மூணு பேரும்."

மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். போகவும் முடியவில்லை. விட்டால் சட்டம் விழும்.

பேசாமல் இருந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. இந்தக் கூத்து ஒரு நாள் விபரீதத்தில்தான் போய் முடியும் என்று பதினாலு மாதமாகச் சொன்னவள் அவள். இனி ஊரே அதை ஒத்துக்கொள்ளும். இவர்களும் ஆயுசுக்கும் தலை குனிந்துகொண்டு இருப்பார்கள். தங்கை சொல்லப்போகும் வாக்கியத்தை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். எல்லாம் தானாக அமைந்து வந்தது. அவளுக்கு அந்த மூன்று பேர் மேலும் எரிச்சலாக வந்தது, சட்டம் போட்ட மனிதர் மேலும் வந்தது. எதற்குத்தான் எழுதினாய், எதற்குத்தான் போய்ச் சேர்ந்தாய் என்று அந்தச் சீட்டுகளைப் பார்த்தே பல்லைக் கடித்தாள்.

"அவங்களைத் திட்டாத," என்றாள்.

"நீங்க சும்மா இருங்கம்மா."

"இதைப் படி. உனக்குத்தான் எழுதியிருக்காரு." கடைசிச் சீட்டைச் சட்டத்துக்கு அடியில் நீட்டினாள்.

மகள் நின்றுகொண்டே படித்தாள். பிறகு அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அவங்க அவரு சொன்னதைக் கேட்டாங்க," என்றாள் அவள். "எனக்கு யாரும் எந்த ரூலும் போடல. டிரம் நின்னது எனக்குக் கேட்டுச்சு. பக்கத்து ரூம்லதான் இருந்தேன். அப்பாடான்னு இருந்துச்சு. சித்திக்குப் போன் போட்டு, இப்பதான் நிம்மதியா இருக்குன்னு சொன்னேன். சிரிச்சேன்."

கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது. பல் டாக்டருக்குக் கை ஓய்ந்துபோய்ச் சட்டம் ஒரு பக்கம் நழுவியது. தட்டு மறுபடியும் கணீரென்றது.

"அடச்சே! அதையாவது ஒழுங்காப் பிடிச்சுத் தொலைக்க மாட்டீங்களா!" என்று கத்தினாள். கத்தியதோடு அழுகை வந்துவிட்டது. நேற்றிலிருந்து வராதது, வாளிமேல் உட்கார்ந்த நிலையில், டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு வந்தது. வெளியே இருந்த நாலு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அழுது முடித்ததும் பையில் ஸ்பானர் தேடி எடுத்தாள். எட்டு போல்ட். ஏழு சுலபமாக வந்தன. எட்டாவதை அவர் என்ன கோபத்தில் இறுக்கினாரோ, இரண்டு கையாலும் தொங்க வேண்டியிருந்தது. டிரம்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே போயின. அவள் கதவு வழியாக நிமிர்ந்தே வந்தாள்.

மகள் எழுந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, புடவையில் முழங்கால் பக்கம் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். ஒரு முறை தட்டினால் போய்விடுகிற தூசிதான். அவள் ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கார்டு கிடைச்சுதா?"

"ம்."

"குடுங்க."

வண்டி வந்துவிட்டது. பெட்டிக்கு நாலு மூலையில் நாலு பிடி. "நாலு பேர் வாங்க சார், நேரமாச்சு," என்றான் வண்டிக்காரன். மூன்று பேரும் வாசலில் தயங்கி நின்றார்கள். மகள் அவர்களைப் பார்த்தாள். பிறகு வழிவிட்டு ஒதுங்கினாள். அவர்கள் ஆளுக்கொரு பிடியைப் பிடித்தார்கள். நாலாவதைப் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்தார்.

"ம், தூக்குங்க," என்றார் பல்லவி.

டிரைவர் அவர் சொல்வதற்கு முன்பே தூக்கிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் குனியவில்லை. பெட்டி ஒரு பக்கமாகச் சாய, உள்ளே அவர் தோள் இடித்த சத்தம் கேட்டது. "பாத்து, பாத்து," என்று வண்டிக்காரன் ஓடி வந்தான்.

"கீழ வைங்க," என்றாள் அவள்.

வைத்தார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுக்காரரின் கையை எடுத்துவிட்டு, அந்தப் பிடியைத் தானே பிடித்தாள்.

"அக்கா, உனக்கு முழங்கால்..." என்றாள் தங்கை.

"யாரும் முந்தக் கூடாது," என்றாள் அவள் மூன்று பேரிடமும். "நான் எண்ணுறேன். நாலு சொன்னதும் தூக்கணும். புரிஞ்சுதா?"

தலையாட்டினார்கள்.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு. மூணு."

நாலுக்குப் பெட்டி எழுந்தது. பல் டாக்டரின் மூலை மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.