முக்வானாவிடம் போன குரல்

தேர்தலுக்குப் பதினொரு நாள் இருக்கையில், கிசேரோ மாவட்ட ஆளுநர் பதவிக்கு நின்ற இருவரின் குரல்களும் இடம் மாறிவிட்டன. செவ்வாய்க்கிழமை, சந்தை மைதானத்து மேடையில், விவாதத்தின் நடுவே இது நடந்தது. தலைமையாசிரியை நெலிமா, ஆற்றுக்குப் பாலம் கட்டுவேன் என்று சொல்ல வாய் திறந்தார். எதிர் வேட்பாளர் முக்வானாவின் கட்டைக் குரல் வந்தது. கரும்பு லாரிகள் ஓட்டிய முக்வானா பதறிப்போய் "என்ன இது?" என்றார், அது நெலிமாவின் மெல்லிய குரலாக இருந்தது. ஒலிபெருக்கிக்காரர் மூன்று முறை வயரை மாற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

மைதானத்தில் நின்றவர்களுக்குப் பாலம் நெலிமாவுடையது. ரேடியோவில் கேட்டவர்களுக்கு முக்வானாவுடையது. "யாருக்குடா போடுறது, மூஞ்சிக்கா சத்தத்துக்கா?" என்று மோட்டார் சைக்கிள் நிறுத்தத்தில் கேட்டுக்கொண்டார்கள். குரலைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை என்று தேர்தல் அலுவலகம் அறிவித்தது. நானூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் நெலிமா ஜெயித்து, முக்வானாவின் குரலில் பதவியேற்றார். ரேடியோ கேட்டவர்கள் காளை மாட்டோடு முக்வானா வீட்டுக்கு வாழ்த்தச் சென்றார்கள்.

நெலிமாவின் தாய் நாஃபுனாவுக்குப் பார்வை போய் ஒன்பது வருடம். தேர்தல் அலைச்சல் முடிந்து மகள் வீட்டுக்கு வந்து "அம்மா" என்றதும் கைத்தடியை ஓங்கினாள். "யாருய்யா நீ? எம்மவ வீட்டுல இல்ல, போ!" அன்றிலிருந்து, மகள் எங்கே என்று கேட்டுக்கொண்டே சாப்பாட்டை ஒதுக்கினாள். இரண்டாவது வாரம் நெலிமா முக்வானாவின் வாசலில் போய் நின்றார்.

"மேடையில என்னைத் திட்டிப் பேசினதெல்லாம் போகட்டும். ஒரு தடவை வந்து எங்கம்மாகிட்ட பேசுங்க."

"பதவி போதாதுன்னு என் வாயையும் விடமாட்டீங்களா டீச்சர்?" என்றார் முக்வானா. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

"அம்மா, நான்தான்."

கிழவி அவர் புஜத்தைத் தடவிப் பார்த்தாள். "ஊரெல்லாம் தின்னு ஊதிட்டியேடி! எலெக்‌ஷன் என்னாச்சு?"

முக்வானா நெலிமாவைப் பார்த்தார். அதுவரை அவர் யாரிடமும் தோற்றேன் என்று சொன்னதில்லை.

"தோத்துட்டேம்மா."

"விடு. இனிமேலாவது வீட்டுப் பக்கம் வருவ. சாப்பிடு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோளமாவு உகாலிக் களியைப் பிட்டார். கிழவியும் சாப்பிட்டாள்.

மூன்றாம் வருடம் பாலம் திறந்தார்கள். யார் கட்டியது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. முக்வானா ஞாயிறு தவறாமல் வருகிறார். ஆளுநர் தேநீர் போட்டுக் கொடுக்கிறார். "நீ வேலைக்கு வச்சிருக்கிற இந்த ஆளு சத்தந்தான் முரடு. கை நல்ல கை, அனுப்பிடாத," என்பாள் நாஃபுனா.

"அனுப்பலம்மா," என்பார் முக்வானா.