பெயரில்லாத நாலாயிரம் கோப்புகள்

தம்பி இறந்துபோய் ஆறு மாதம். அவனுடைய கம்ப்யூட்டரும் பழுதாகிவிட, அக்கா அதிலிருந்து மீட்டெடுத்தது நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள். ஒன்றுக்கும் பெயரில்லை.

"கதவைச் சாத்திட்டு பத்து வருஷம் என்னதான் செஞ்சான்? ஏதாவது செஞ்சானா, இல்ல உங்கப்பா சொன்ன மாதிரி விட்டத்தைப் பார்த்துட்டு இருந்தானா? அதை மட்டும் சொல்லு" என்றாள் அம்மா.

அக்காவுக்கு இது கைவந்த வேலை. மென்பொருள் தொகுப்புகளை ஹாஷ் வைத்து அடையாளம் காண்பதுதான் அவள் பிழைப்பு. ஹாஷ் என்பது எந்தக் கோப்புக்கும் உள்ள அறுபத்து நாலு எழுத்து அடையாளம். பெயரை அழித்தாலும் அது மாறாது; உள்ளே ஒரு புள்ளி மாறினால் அடியோடு மாறிவிடும். வெளியான தொகுப்புகளுக்கெல்லாம் உலகப் பொதுவாய் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இருப்பதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது தம்பி செய்தது. அவ்வளவுதானே!

மதியம் முழுக்கத் தூறல். திரையில் மிச்சக் கோப்புகளின் எண்ணிக்கை குறையக் குறைய அக்காவின் கண் சொக்கியது. பக்கத்து அறையில் தம்பி தட்டச்சு செய்துகொண்டிருந்தான். "சாப்பிட வாடா!" "இதோ வந்துட்டேன்க்கா, ஒரே ஒரு வரி." அந்த ஒரு வரி முடிந்ததே இல்லை.

விழித்தபோது திரையில் இருந்தது: மிச்சம், பூஜ்யம்.

அடப்பாவி! அவளுக்கு அழுகை முட்டியது. அத்தனையும் ஊரான் செய்தது. அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? மனம் கேட்காமல், பொருந்தியவற்றின் விவரங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். தொகுப்பின் பெயர், ஆண்டு, ஆக்கியவர்.

ஓர் இடத்தில் கை நின்றது. ஆக்கியவர்: தம்பியின் பெயர்.

யாருக்கும் தெரியாத ஒன்றைத் தேடினாளே தவிர, அவன் செய்தது நாலு பேருக்குத் தெரிந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாயிருந்தது. அந்த அறுபத்து நாலு எழுத்தைத் தன் கம்ப்யூட்டரிலும் தேடினாள். இருந்தது, மூன்று வருடமாக.

"அம்மா! இங்க வா. அவன் செஞ்சிருக்கான். என் கம்ப்யூட்டர்லயே ஒண்ணு ஓடுது."

"என்னடி செய்யும் அது?"

"ஆறு மணி ஆகட்டும், பாரு."

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு அடித்தது. கண்ணைக் குத்திக்கொண்டிருந்த திரை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகி, விளக்கு வைத்த அறைபோல் இதமானது.

"தினமுமா?"

"தினமும்மா. எத்தனையோ வீட்டுல."

அம்மா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.