விருந்தாளி ஒட்டிய டேப்

“இந்த சாசேஜ் என்ன விலைங்க?” என்று கேட்டபடி அந்த மனிதர் எங்கள் வேனுக்கு முன்னால் வந்து நின்றார்.

“விலைக்கெல்லாம் இல்ல. ஆட்டத்தன்னிக்கு இந்த கார் நிறுத்துற இடத்துல யாரும் எதையும் விக்கிறதில்ல. பசிச்சா ஒரு தட்டு எடுங்க, நான் போடுறேன்” என்றேன்.

வெளியூர்க்காரர் என்பது கேட்ட கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது அவர் காதைப் பார்த்தேன். மேல் பக்கம் மடங்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த காது. அதே காதை ஏழெட்டு வாரமாக டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைக் குனிந்து, மைதானத்தை விட்டு நடக்கிற பையனின் காது.

“நீங்க வேட் ஓல்சனுக்கு என்ன வேணும்?”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். “அப்பா. பேர் கர்ட். தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“ஸ்டேடியத்துக்குள்ள ஆட்டக்காரங்க குடும்பத்துக்குன்னு தனி இடம் இருக்குமே. சூடா காபி கொடுப்பாங்களே?”

“கொடுக்குறாங்க. அங்க எல்லாரும், உங்க பையன் சீக்கிரம் சரியாயிடுவான்னு முதுகுல தட்டுறாங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. அவன் போன வாரம் ராத்திரி எனக்கு போன் பண்ணான். ‘அப்பா, எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்கு வந்துடட்டுமா?’ன்னு கேட்டான். அவன் அஞ்சு வயசுலேந்து இந்தப் பந்தைத்தான் கட்டிப்பிடிச்சுத் தூங்குவான். எனக்கு வாய் வரல. நேர்ல வந்து பார்த்துட்டுச் சொல்றேன்னு வெச்சுட்டேன். இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சதும் அவனுக்கு பதில் சொல்லியாகணும்.”

“அதுக்கு இங்க வந்தீங்களா?”

“அவனை இந்த ஊர் என்ன நினைக்குதுன்னு இங்கதான கேக்க முடியும்?”

எங்கள் ஆட்டத்துக்குப் பெயர்தான் கால்பந்து, பந்து முட்டை வடிவம். அதற்கும் காலுக்கும் சம்பந்தம் குறைவு. பந்தை எறிகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஜெயித்தால் அவனுக்குச் சிலை வைப்போம். தோற்றால் அவனைப் பற்றி மட்டும்தான் பேசுவோம். எங்கள் ஐரன்ஸ் அணிக்கு இந்த வருஷம் கல்லூரியிலிருந்து நேராக வந்தவன் வேட். ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தோம், அதுவும் எதிரணி பந்தைத் தவறவிட்டதால்.

“நல்லா யோசிச்சுக்குங்க. இப்ப வரப்போறவங்க வாய்க்குப் பூட்டு கிடையாது” என்றேன்.

“பரவால்ல.”

என்னோடு வேனில் வந்த இரண்டு பேரும் கழிப்பறை வரிசையிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே திரும்பினார்கள். ஸ்டான் என் கொழுந்தன். ரோண்டா பக்கத்து வீட்டுக்காரி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.

“யாரு இது?” என்றான் ஸ்டான்.

“கர்ட். வெளியூரு. பசிச்சுது, வந்தாரு” என்றேன். அதில் பொய் இல்லை.

“வாங்க சார், வாங்க. நல்ல நாளாப் பார்த்து வந்தீங்க போங்க. எங்க ஆளு தோக்குறதைப் பார்க்க இவ்வளவு தூரமா? நீங்களே சொல்லுங்க. கண்ணு தெரியாதவன்கூட நம்ம ஆளுக்கா எறியணும், எதிராளிக்கா எறியணும்னு கொஞ்சமாவது யோசிப்பான். இந்த ஓல்சன் போன வாரம் நாலு தடவை எதிராளி கையில கொண்டுபோய்க் கொடுத்தான். தபால்காரன் மாதிரி, வீடு தேடிப் போய்!”

“யோவ் ஸ்டான், அவன் எங்க எறிவான்?” என்றாள் ரோண்டா. “பந்து கைக்கு வந்த நிமிஷமே அஞ்சு தடியனுங்க மேல வந்து விழுறானுங்க. முன்னால நின்னு தடுக்கிறதுக்கு ஆளு வேணாமா? தடுக்கத் தெரிஞ்சவங்களை எல்லாம் டட்லி அனுப்பிட்டான். சம்பளம் அதிகமாக் கேட்டாங்களாம். அந்தக் காசுல என்ன வாங்கினான் தெரியுமா சார்? அதோ பாருங்க, அந்தப் பெரிய திரை. எங்க பையன் அடி வாங்குறதை இப்ப ஊருக்கே பெருசாக் காட்டுறான்.”

“டட்லிங்கறது?” என்றார் கர்ட்.

“அணியோட முதலாளி. அப்பன் சம்பாதிச்சான், புள்ளைக்கு வந்துச்சு. பொறந்தநாளுக்கு ரயில் பொம்மை கொடுத்த மாதிரி இவன் கையில ஒரு அணி. ரெண்டு வருஷத்துல மூணு கோச்சைத் துரத்திட்டான்.”

“எதுக்கெடுத்தாலும் டட்லி. உன் பஸ் பஞ்சரானாக்கூட டட்லின்னுதான் சொல்லுவ” என்றான் ஸ்டான்.

“ஆமா, சொல்லுவேன். ரோட்டுல கிடந்த ஆணிகூட அவனோடதுதான்.”

“முதலாளி பந்து எறியிறானா? எறியிறவன் யாரு? கோடிக்கணக்குல வாங்குறான்ல? இருபத்திரண்டு வயசுல எனக்கு இரும்பு ஆலையில...”

“உனக்கு இருபத்திரண்டு வயசுல ஆலையில என்னா நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். லேத்துல சட்டையைக் கொடுத்துட்டு நின்ன” என்றேன். ரோண்டா சிரித்ததில் அவள் கையிலிருந்த பீர் மேல்கோட்டில் சிந்தியது.

கர்ட் சிரிக்கவில்லை. சாசேஜை ஒரு கடி கடித்துவிட்டு, அதையே வெகுநேரம் மென்றார்.

“அந்தப் பையன்கிட்ட நல்லதா ஒண்ணுமே இல்லையா?” என்றார்.

“கை நல்ல கை சார்” என்றான் ஸ்டான். “பொய் சொல்லக் கூடாது. பந்து போற வேகம் இருக்கே, குளிர்ல வெடி வெடிச்ச மாதிரி இருக்கும். ஆனா மண்டை நின்னு போச்சு. பயந்துட்டான். பயந்தவனை வெச்சு என்ன பண்றது? இன்னிக்கு ஒட்டிட வேண்டியதுதான். இர்மா, அந்த பனியனை எடு.”

இதை நான் யோசித்திருக்கவில்லை.

ஸ்டானிடம் ஒரு ஐரன்ஸ் பனியன் இருக்கிறது. முதுகில் அந்தக் காலத்துக் குவார்ட்டர்பேக் ஒருவனின் பெயர் அச்சாகியிருக்கும். அவன் தேற மாட்டான் என்று தெரிந்ததும் அதன் மேல் வெள்ளை டேப்பை ஒட்டி அடுத்தவன் பெயரை மையால் எழுதினோம். அவன் மேலும் டேப். இப்படியே முதுகு தடித்து அட்டை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இப்போதெல்லாம் நாங்கள் எங்கள் கையால் ஒட்டுவதில்லை. ஒருமுறை ஸ்டான் ஒட்டினான், அந்த வாரமே படியில் உருண்டான். அடுத்தமுறை என் வீட்டுக்காரர் ஒட்டினார், அவர் காரைத் திருடிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஒட்டுவது எப்போதும் விருந்தாளி வேலை. சாப்பாடு போடுவோம், டேப்பைக் கையில் கொடுப்போம்.

“இன்னிக்கு வேணாம். ஆட்டம் முடியட்டும்” என்றேன்.

“உனக்கு என்னாச்சு? விருந்தாளி வந்திருக்காரு, கையோட முடிச்சிடலாம்.” வேனுக்குள் கையை விட்டுப் பனியனை எடுத்துக் கதவில் மாட்டினான். ஓல்சன் என்ற எழுத்து இன்னும் கறுப்பாக, புதிதாக இருந்தது. டேப்பைக் கர்ட்டிடம் நீட்டினான். “பயப்படாதீங்க சார், வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

கர்ட் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

“ஒரு விஷயம் கேக்கணும்” என்றார் ஸ்டானிடம். “இந்த டேப்புக்குக் கீழ இருக்கிறவங்க எல்லாம் இப்ப எங்க?”

“எங்கன்னா?”

“இங்கேந்து போனப்புறம் என்ன ஆனாங்க?”

ரோண்டா முந்திக்கொண்டாள். “அதைக் கேளுங்க சார்! இவனைச் சொல்லச் சொல்லுங்க. வாயைத் திறக்க மாட்டான். ஃபென்டன் இங்கேந்து தெற்கே போனான், போன முதல் வருஷமே கோப்பையைத் தூக்கினான். அந்த செவத்த தலைமுடிக்காரன், பேரு என்ன இர்மா, ஆங், மெர்லின், அவன் வேற ஊர்ல ஒன்பது வருஷம் ஆடினான். இங்க தத்தளிச்சவனுங்க பாதிப் பேருக்கு மேல வெளியில போய்க் கரையேறிட்டானுங்க.”

“அப்படியா?” என்றார் கர்ட், ஸ்டானைப் பார்த்து.

ஸ்டான் தாடையைச் சொறிந்தான். “அது வாஸ்தவம்தான். இங்கேந்து போறவன் பிழைச்சுக்குறான். அதுதான் எனக்கு எரிச்சலே.”

“இந்த முதலாளி அணியை விக்க மாட்டாரா?”

“டட்லியா? செத்தாலும் விக்க மாட்டான்” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கர்ட் தட்டைக் கீழே வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்தார். டேப்பை நீளமாக இழுத்துப் பல்லால் கடித்துக் கிழித்தார். ஓல்சன் என்ற பெயரின் மேல் இடமிருந்து வலமாக ஒட்டி, சுருக்கம் இல்லாமல் கட்டைவிரலால் நீவிவிட்டார். ஓரங்களையும் அழுத்தினார்.

“அடேங்கப்பா, இவ்வளவு நேர்த்தியா யாரும் ஒட்டினதில்ல!” என்று ஸ்டான் கைதட்டினான். பக்கத்து வேன்காரர்களும் தட்டினார்கள்.

நுழைவாயில் வரை அவருடன் நடந்தேன்.

“வீட்டுக்கு வரச் சொல்லப்போறீங்களா?” என்றேன்.

“இல்ல. வீட்டுக்கு வந்தா அவன் பந்தைத் தொடவே மாட்டான். வேற ஊருக்கு மாத்திவிடுன்னு கேளுடா, கேக்குறதுல வெக்கம் இல்லன்னு சொல்லப்போறேன். அந்தம்மா சொன்னதையும் சொல்லுவேன், அந்த ஆளு சொன்னதையும் சொல்லுவேன்.”

“ஸ்டான் சொன்னதுல எதை?”

“கை நல்ல கைன்னு சொன்னாரே.”

அன்றைக்கும் தோற்றோம். ஆட்டம் முடிந்து கார்கள் வரிசையில் நின்றபோது, வந்தவர் யார் என்று அவர்களிடம் சொன்னேன். ரோண்டா வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டான் வண்டியை நகர்த்தாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

“தபால்காரன்னு சொன்னேனே” என்றான். “அவர் என்னை ஒரு அறை அறைஞ்சிருக்கலாம்.”

ஆட்டப் பருவம் முடிந்த பிறகு, வேட் ஓல்சன் தன்னை வேறு அணிக்கு அனுப்பும்படி கேட்டான். டட்லி டிவியில் தோன்றி, நன்றி கெட்ட பையன் என்றார். அன்று மாலை நான் காய்கறி நறுக்கிக்கொண்டு விளையாட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரே கூப்பிட்டுப் பையனைத் திட்டியது. நடுவில் ஸ்டான் குரல் கேட்டது.

“நன்றியா? அவனுக்கு நாம என்னத்தைக் கொடுத்தோம், அவன் நன்றி சொல்றதுக்கு? முன்னால நிக்க ஒருத்தனைக்கூடக் கொடுக்கல. அவன் போகட்டும். நல்லா ஆடட்டும்.”

“சார், உங்க குரல் தெரியுதே” என்றான் நிகழ்ச்சிக்காரன். “வாரா வாரம் கூப்பிட்டு, ஓல்சனைத் தூக்குங்கன்னு கத்துனது நீங்கதானே?”

“அது நாங்க எங்களுக்குள்ள பேசிக்கிறது” என்றான் ஸ்டான். “டட்லி யாரு அதைச் சொல்ல?”