நான்கு விரற்கடை விலகிய கோட்டைவாசல்

அலுவலகத்தில் அவளைக் 'கல்லக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் விளையாடிக்கொண்டே ஊர் வரலாறு படிப்பதற்காக அவர்கள் ஒரு கணினி விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். அதில் வரும் பழைய கோட்டைவாசலை ஒவ்வொரு கல்லாக அளந்து வரைந்தவள் அவள். ஒரு கல் விட்டுப்போனாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அன்று காலை பதினொரு மணிக்கு வெளியீடு. கோட்டைவாசலுக்கு அடியிலேயே நாற்பது பள்ளிப் பிள்ளைகள் டேப்லெட்டோடு விளையாடப் போகிறார்கள். அவளுடைய எட்டு வயது மகளும் அதில் ஒருத்தி. டேப்லெட்டை வாசலுக்கு நேரே பிடித்தால், வரைந்த வாசல் நிஜ வாசலின் மேல் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். சரிபார்ப்பதற்காக முதலாளி அங்கிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பினார்.

உட்காரவில்லை. வலப்பக்கத் தூண் பொருந்தியது. இடப்பக்கத் தூண் உச்சியில் நான்கு விரற்கடை விலகி நின்றது.

முதலில் தன் வேலைமேல்தான் சந்தேகம். இரண்டு வருடத்துக்கு முந்தைய அளவுகளை எடுத்து வரிவரியாகப் பார்த்தாள். தப்பே இல்லை. அப்போதுதான் உறைத்தது. வாசல்தான் நகர்ந்திருக்கிறது.

போன் போட்டாள். "சார், தூண் சாயுது. பிள்ளைங்கள உள்ள விடாதீங்க."

"எண்ணூறு வருஷமா நிக்குது, இன்னிக்குப் பார்த்தா விழப்போகுது? நீ வரைஞ்ச படத்தைக் கொஞ்சம் தள்ளி வைம்மா. பெரிய மனுஷங்கல்லாம் வந்துட்டாங்க."

போனை வைத்துவிட்டார். அவள் கை தானாகவே மௌஸுக்குப் போனது. இரண்டு சொடுக்கில் படமும் தூணோடு சேர்ந்து சாய்ந்து கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது. இனி தூண் சாய்வது யார் கண்ணுக்கும் தெரியாது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

பத்து நிமிட நடை. வழியெல்லாம் பயம் பிடுங்கித் தின்றது. தன் கணக்கு தப்பாக இருந்தால் வேலை போகும். சரியாக இருந்தால்... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

வளைவுக்கு அடியில் பிள்ளைகளின் இரைச்சல். முதலாளி எதிரே வந்து பல்லைக் கடித்தார். "மானத்தை வாங்காதே, போ."

அவள் அவரைத் தாண்டிப் போய்த் தூணின் விரிசலில் விரலை விட்டாள். முழு விரலும் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது நகமெல்லாம் சுண்ணாம்புத் தூள். அதைப் பள்ளி ஆசிரியையிடம் நீட்டினாள். ஆசிரியை விரலைப் பார்த்தாள், அண்ணாந்து பார்த்தாள். மேலிருந்து மணல் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் எதிர்க் கடைக்கு ஓடுங்க! யாரு முதல்ல?" ஆசிரியையின் குரல் சிரித்தது. முகம் வெளுத்திருந்தது.

பிள்ளைகள் ஓட, பெரியவர்களும் பின்னாலேயே போனார்கள். ஆசிரியை தலைகளை எண்ணினாள். முப்பத்தொன்பது.

தன் மகளைத்தான் காணோம் என்று கல்லக்காவுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. 'காவலர் அறைக்கு எத்தனை படி?' என்ற கேள்வியை விளையாட்டில் வைத்ததே அவள்தான். அந்தப் படிகள் இடப்பக்கத் தூணுக்குள்தான் ஏறுகின்றன.

இருட்டுப் படிக்குள் நுழைந்தாள். சுவர் முனகியது.

"பாப்பா!"

"இரும்மா, இருபத்திமூணு... கணக்கை விட்டுடுவேன்!" மேலேயிருந்து மகள் கோபமாகக் கத்தினாள்.

ஏறிப்போய் அவளை இடுப்போடு அள்ளிக்கொண்டு இறங்கினாள். படி தெரியவில்லை, முழங்கை சுவரில் உரசித் தோல் பிய்ந்ததும் தெரியவில்லை. தெருவைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் இடி மாதிரி ஒரு சத்தம். புழுதி அவர்களை மூடிக்கொண்டு போனது.

அது அடங்கியபோது தூணின் முன்பக்கம் தெருவில் கிடந்தது. வளைவு மட்டும் எப்படியோ தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. முதலாளி நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் படத்தைத் தள்ளி வைக்கச் சொன்னேன்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்து மாதக்கணக்காக மண்ணை அரித்திருந்ததைப் பொறியாளர்கள் மறுநாள் கண்டுபிடித்தார்கள். வளைவுக்கு இரும்பு முட்டு கொடுத்தார்கள். தூணைத் திரும்பக் கட்ட அவளுடைய அளவுகளைக் கேட்டார்கள். கொடுத்தாள்.

வாசலை மறுபடி திறந்து வெகுநாளாகிவிட்டது. இன்றும் அவள் மகளைச் சுற்றுவழியில்தான் பள்ளிக்குக் கூட்டிப்போகிறாள்.

"கால் வலிக்குதும்மா" என்று மகள் சிணுங்குவாள்.

"நட" என்பாள், பிடித்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டு.