பஞ்சு அடைத்த கையுறை

காலை ஆறு மணிக்கு முதல் தகடு விழும். இருநூறு டன் பிரஸ் மெஷின் மேலிருந்து இறங்கி, தட்டைத் தகட்டை ஒரே அடியில் குளிர்சாதனப் பெட்டியின் கதவாக்கிவிட்டு மேலே போகும். காலடியில் ஒஹாயோ மண்ணே அதிரும். பதினோரு வருடமாக அந்த எண்ணெய்ப் புகையைக் காலைக் காப்பியோடு சேர்த்துக் குடிக்கிறேன். உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி வேண்டுமாம். வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? அதற்கு எங்கள் விரல்களை ஏன் கொடுக்க வேண்டும்?

மெஷினுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே மாட்டாது. போன கோடையில் ஃபோர்மன் ரிக்ஸ் வந்து, ஒவ்வொரு மெஷினிலும் வலப்பக்கப் பொத்தானில் அது அழுந்தியே கிடக்கும்படி ஒரு மர ஆப்பை வைத்து இறுக்கினான்.

"ஒரு கை அழுத்தட்டும், ஒரு கை தகட்டைத் தள்ளட்டும். ஆர்டர் குவிஞ்சு கிடக்கு."

மார்ச்சில், பக்கத்து மெஷினில் நின்ற காசிமிருக்கு இடது கை அரை நொடி முந்திவிட்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. ஆப்பை அவனே வைத்துக்கொண்டான் என்று கம்பெனி எழுதியது. அடப்பாவிகளா! மற்ற மெஷின்களில் ஆப்புகள் அப்படியே இருந்தன.

ஜூனில் தொழிற்சாலையின் குடும்ப நாள். செனட்டர் வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். முதலாளி டால்பர்ட் காசிமிரைக் கூப்பிட்டார். சங்கத்துக்காரி என்பதால் நானும் கூடப் போனேன். மேசையில் ஒரு வெள்ளைக் கையுறை. நான்கு விரலிலும் பஞ்சு அடைத்திருந்தது.

"மேடையில இதைப் போட்டுக்கிட்டு எனக்குக் கை குடுப்பா. ஒரு பெட்டி பரிசு. கேட்ல உக்கார்ற வேலையும் உனக்குத்தான்."

"மாட்டேன்னா?"

"வேலை கிடையாது. சிவப்புக் கட்சிக்காரன்னு ஒரு பேச்சு கிளம்பிச்சுன்னா இந்த ஊர்ல எவனும் உன்னைச் சேத்துக்க மாட்டான்."

நான் குறுக்கிட்டேன். "ஆப்பு வெச்சது உங்க ஆளு முதலாளி."

"வெர்னா, உனக்கும் வேலை கசந்துபோச்சா?"

காசிமிர் கையுறையை எடுத்துக்கொண்டான். "போட்டுக்கறேன் ஐயா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவன் பஞ்சில் மறைக்கச் சம்மதித்துவிட்டானே! வெளியே வந்ததும் கத்தினேன்.

"மானங்கெட்டவனே! ஒரு பெட்டிக்கு வித்துட்டியா?"

அவன் சிரித்தான். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான்.

"கத்தாத. சனிக்கிழமை ஆளாளுக்கு அவங்க மெஷின் ஆப்பைக் கழட்டிப் பையில போட்டுட்டு வரச் சொல்லு. கையை நான் பாத்துக்கறேன். ஊர் முன்னால அவன் மூஞ்சி செத்துப்போறதைப் பாக்கணும் வெர்னா. அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வராது."

எங்கள் பிரிவில் நாற்பது பேர். புது வீடு, புதுக் கார் என்று இப்போதுதான் தலை நிமிர்ந்தவர்கள். "பாக்கலாம்" என்று சிலர் முணுமுணுத்தார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை பாண்டு வாத்தியம், கொடிகள், பிள்ளைகள் கையில் ஹாட் டாக் ரொட்டி. டால்பர்ட் மைக்கில் முழங்கினார்.

"பாருங்க எங்க தொழிலாளியை! உலகத்துல எந்த நாட்டுல இப்படி ஒரு வாழ்க்கை?"

கையைப் பிடித்துக் குலுக்கினார். காசிமிர் தன் கையை உருவிக்கொண்டான். கையுறை டால்பர்ட்டின் பிடியிலேயே தங்கிவிட்டது.

"அது உங்களுதுதான் ஐயா, வெச்சுக்கங்க. என்னுது இதோ!" மூளிக் கையை மைக்குக்கு மேலே தூக்கினான். "எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க."

வாத்தியம் நின்றது. டால்பர்ட் அந்தக் கையுறையைக் கீழே போடவும் தெரியாமல், பிடித்திருக்கவும் தெரியாமல் நின்றார். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்கு இனித்தது.

நான் போய் மேடை விளிம்பில் ஆப்பை வைத்தேன். "ஏழாம் நம்பர் மெஷின்!"

"எல்லாரையும் துரத்திடுவேன்!" என்று ரிக்ஸ் அலறினான்.

"ஒன்பது!" என்றது பின்னால் ஒரு குரல். "நாலு!" "பதினேழு!" முணுமுணுத்தவர்களும் வந்தார்கள். ஆப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

திங்கள் காலை ஆறு மணி. கேட்டில் எங்கள் பெயர்கள் தொங்கின, எல்லாருக்கும் வேலை போயிற்று என்று. உள்ளே ஒரு தகடும் விழவில்லை. டால்பர்ட்டின் கார் வந்து ஹாரன் அடித்தது. காசிமிர் போய்த் தன் வெறும் கையைக் கண்ணாடியில் வைத்தான்.

"கை குடுங்க முதலாளி."

நாற்பது பேரும் கேட்டை மறித்து அவன் பின்னால் நின்றோம். கார் நகரவில்லை.