பதினேழாவது முடிச்சு

வரைபடத்தில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளிதான் இருந்தது. அது தன் குடும்பம் முட்டை எடுக்கும் பாறை விளிம்பு என்பது ஸ்டெபனிடாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

ஊர்க்கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். வெளியே ஜூன் மாதத்து மூடுபனி. உள்ளே பொரித்த ரொட்டியும் தேநீரும். பறவைச் சரணாலய அலுவலகத்திலிருந்து விமானத்தில் வந்திருந்த லின்ஃபீல்ட் அம்மாள், சுவரில் விழுந்த படத்தின் மேல் குச்சியை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இது பதினஞ்சு வருஷத்துக்கான திட்டம். பச்சைன்னா வழக்கம்போல முட்டை எடுக்கலாம். மஞ்சள்னா ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம். சிவப்புன்னா யாரும் கால் வைக்கக் கூடாது. நீங்களே பாருங்க, பன்னெண்டு பாறை முகத்துல ஒரே ஒரு எடம்தான் சிவப்பு. அக்டோபர்ல அமலுக்கு வரும்."

யாரும் படத்தைப் பார்க்கவில்லை. ஸ்டெபனிடாவைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வைக்குக் காரணம் இருந்தது. திட்டக் குழுவில் தீவின் சார்பாக இரண்டு வருடம் உட்கார்ந்தவள் அவள்தான். வீடு வீடாகப் போய், "பேசுங்க, எடம் எதுவும் வெளிய வராது, அதுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னவளும் அவள்தான். பேரிங் கடலின் நடுவே இருக்கும் அந்தத் தீவில், எந்தக் குடும்பம் எந்த விளிம்பில் இறங்கி மர் என்ற கடற்பறவையின் முட்டை எடுக்கிறது என்பதை வெளியே சொல்வதில்லை. செங்குத்துப் பாறையின் உச்சியில் இரும்பு முளையை அடிப்பார்கள். கயிற்றில் இறங்குவார்கள். ஏறியதும் முளையைப் பிடுங்கி, குழியைப் புல்கட்டியால் மூடிவிட்டு வீட்டுக்கு வருவார்கள்.

முன்வரிசையிலிருந்த ஃபிலரெட் கிழவர் திரும்பிப் பார்த்தார். எழுபது வயது. நாக்கு மட்டும் இன்னும் இருபதில் இருந்தது.

"ஏம்மா ஸ்டெபனிடா, ஊர் ரகசியத்தையெல்லாம் மூடிட்டு உன் வாயை மட்டும் தெறந்துட்டியா?"

"நான் எதுவும் சொல்லல மாமா."

"அப்ப மர் பறவையே போய்ச் சொல்லிருக்கும்."

சிரிப்பு எழுந்தது. அதில் ஒருவர்கூட அவளோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

"எனக்குப் பச்சை குடுத்திருக்காங்க, எனக்கென்ன" என்றார் கிழவர். "ஆனா இன்னிக்கு உன்னுது போச்சு. அடுத்த திட்டத்துல என்னுது போகும். பேரனுக்கு நான் என்னத்தக் காட்டுவேன், இந்தப் புள்ளியையா?"

லின்ஃபீல்ட் அம்மாளுக்கு எதுவும் புரியவில்லை. யாரோ வருத்தப்படுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. "அந்த எடத்துலதான் சிவப்புக்கால் கடற்காகம் அதிகம் கூடு கட்டுது. மர் பறவையும் மத்த எடத்தவிட மூணு மடங்கு. இந்தத் தீவோட பொக்கிஷமே அதுதான்" என்றாள்.

மூன்று மடங்கு. ஸ்டெபனிடாவின் குடும்பம் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் அங்கே இறங்கும். அப்பா காலத்திலிருந்தே அப்படி. இரண்டு வருடம் பறவைக்கு, ஒரு வருடம் வீட்டுக்கு. இந்த வருடம் வீட்டுக்கு. ஃபிலரெட் கிழவர் தன் விளிம்பை வருடா வருடம் வழித்துக்கொண்டு வருவார். அவருக்குப் பச்சை.

அவள் முன்னால் போனாள். மேசையில் இருந்த தடித்த நகலை எடுத்து, வரைபடத்தின் கீழே இருந்த குறிப்பைப் படித்தாள். கூட்டின் எண்ணிக்கை, பாறையின் சரிவு, உச்சியிலிருந்து ஆழம். எல்லா அளவும் மீட்டரில் இருந்தது. ஆழத்தின் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண். பதினேழு பாகம்.

பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி அந்தப் பக்கத்துக்கே வந்தாள்.

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். அப்பாவின் கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சு உண்டு. இறங்குகிறவர் முடிச்சை எண்ணுவதில்லை. கால் விளிம்பைத் தேடும். எண்ணுவது மேலே கயிறு பிடிப்பவரின் வேலை. எவ்வளவு விட்டோம், எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் ஓர் ஆளின் உயிரைக் கையில் வைத்திருக்க முடியாது. அவர் எண்ணுவார். எண்ணியதைச் சொல்லமாட்டார். இறங்கியவரிடம்கூடச் சொல்லமாட்டார். ஸ்டெபனிடா நாற்பத்தாறு வயதுவரை அந்த எண்ணைக் கேட்டதே இல்லை. இப்போதுதான் படிக்கிறாள்.

அப்பா போன பிறகு ஒன்பது வருடமாக அவளுக்குக் கயிறு பிடித்தவன் ஒருவன்தான். அவள் தம்பி டெரென்டி.

அவன் கதவோரம் நின்றிருந்தான். கோடைதோறும் சரணாலயத்துக்குப் பறவை எண்ணும் வேலை அவனுக்கு. அலுவலகத்தின் பச்சைச் சட்டையைப் போட்டிருந்தான். கையில் இருந்த தேநீரைக் குடிக்கவில்லை.

"இந்தப் பதினேழு எங்கேர்ந்து வந்தது?" என்று ஸ்டெபனிடா கேட்டாள்.

"டெரென்டி குடுத்த குறிப்புங்க அது" என்றாள் லின்ஃபீல்ட் அம்மாள், சந்தோஷமாக. "ஆறு வருஷக் குறிப்பு. அவர் இல்லேன்னா இந்த அத்தியாயமே இல்ல. ஏன், அளவு தப்பா இருக்கா?"

யாரோ கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இல்ல" என்றாள் ஸ்டெபனிடா. "சரியாத்தான் இருக்கு."

நகலை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டாள். ஃபிலரெட் கிழவர் எழுந்து வழிவிட்டார்.

டெரென்டி அவள் பின்னாலேயே வந்தான். சரளைப் பாதையில் இரண்டு பேரின் காலடியும் கேட்டது.

"அக்கா. நில்லுக்கா."

அவள் நின்றாள்.

"அவங்க பன்னெண்டு பாறையையும் மூடறதா இருந்தாங்க. முழுசா. நீ குழுவுல உக்காந்து பேசினப்பவே அங்க முடிவு பண்ணிட்டாங்க. உனக்குத் தெரியாது. நான் அந்த ஆபீஸ்ல இருக்கேன், எனக்குத் தெரியும். ஒரு நல்ல எடத்த ஆதாரத்தோட காட்டு, மத்தத விட்டுடறோம்னாங்க."

"காட்டிட்ட."

"அடுத்தவன் எடத்தையா காட்டினேன்? நம்ம எடத்தத்தானே காட்டினேன்?"

"நம்ம எடமா? எத்தன தடவ எறங்கியிருக்க அதுல?"

அவன் பன்னிரண்டு வயதில் ஒருமுறை இறங்கினான். மூன்றாவது முடிச்சிலேயே அழுதான். அப்பா மேலே இழுத்துவிட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அவளும் இதுவரை பேசியதில்லை.

"ஊருக்குப் பதினொண்ணு மிஞ்சியிருக்குக்கா" என்றான் மெதுவாக. "அத நெனச்சுப் பாரு."

"எங்கிட்டக் கேட்டியா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

ஸ்டெபனிடா கடல் பக்கம் பார்த்தாள். மூடுபனியில் கடல் தெரியவில்லை. பறவைகளின் இரைச்சல் மட்டும் வந்தது.

"குடுத்திருப்பேனான்னு இனிமே யாருக்குடா தெரியும்?" என்றாள்.

மறுநாள் காலையில் பனி விலகியது. அவள் நாலு சக்கர வண்டியைக் கிளப்பிக்கொண்டு உச்சிக்குப் போனாள். இரும்பு முளையை எடுத்துவரவில்லை. கயிறு பிடிக்க யாரையும் கூப்பிடவும் இல்லை. கிளம்பும்போது ஃபிலரெட் கிழவர் அவள் வாசலில் வந்து நின்று, "என் மருமவன அனுப்பட்டுமா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. அவன் நல்லவன்தான். அவனும் எண்ணுவான்.

வண்டியைத் திருப்பி, பின்பக்கம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினாள். நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தாள். இரும்புச் சட்டத்தில் கயிற்றைக் கட்டி, முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். வண்டி அசையவில்லை.

டெரென்டி நடந்தே வந்திருந்தான். மூச்சு வாங்கியது. பச்சைச் சட்டை இல்லை.

"பைத்தியமா உனக்கு? வண்டி எப்படி ஒன்ன மேல இழுக்கும்?"

"நான் ஏறிக்கிறேன்."

"பதினேழு பாகம்க்கா. முட்டையோட. ஒன்னால முடியாது."

"கொஞ்சமா எடுத்துக்கறேன்."

"குடு, நான் பிடிக்கிறேன். நீ எங்கூடப் பேசக்கூட வேணாம்."

அவள் இடுப்புப் பட்டையை இறுக்கினாள். முட்டைப் பையைத் தோளில் மாட்டினாள்.

"வண்டி எண்ணாதுடா" என்றாள்.

பின்பக்கமாக உச்சியின் ஓரத்தைத் தாண்டிக் காலை இறக்கினாள். கயிற்றை ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்துத் தானே இறங்கினாள். கை இரண்டும் எரிந்தன. வழக்கமாக மேலிருந்து கயிறு அளவாக இறங்கும். அவள் பாறையை மட்டும் கவனித்தால் போதும். இன்று பாறையை ஒருமுறைகூடப் பார்க்க முடியவில்லை.

கால் விளிம்பைத் தொட்டது. கறுப்பு முதுகும் வெள்ளை மார்புமாகத் தோளோடு தோள் ஒட்டி நின்ற மர் பறவைகள் கத்திக்கொண்டு விலகின. அதற்கு மேல் வரிசையில் சிவப்புக்கால் கடற்காகங்கள் கூட்டைவிட்டு எழவே இல்லை. இரண்டு வருடம் யாரும் வராத இடத்தில் பறவைக்கு அவ்வளவு பயம் இருக்காது.

முட்டைகள் வெறும் பாறையில் கிடந்தன. ஒருபக்கம் கூர்த்து, நீலமும் பச்சையுமாக, கரும்புள்ளி தெறித்து. ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அடைகாத்த சூடு இல்லை, புதிய முட்டை. நல்ல வருடத்தில் அறுபது எடுப்பாள். இன்று பன்னிரண்டு. அதற்கு மேல் சுமந்துகொண்டு தனியாக ஏற முடியாது. பன்னிரண்டையும் பாசியில் சுற்றிப் பையில் அடுக்கினாள்.

கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்க்கலாமென்று நினைத்தாள். பார்க்கவில்லை. பறவைகள் திரும்பி வந்து அவள் காலைச் சுற்றி நிற்கத் தொடங்கியிருந்தன.

பழக்கத்தில் கை கயிற்றை மூன்றுமுறை இழுத்தது. தூக்கு என்று அதற்கு அர்த்தம்.

கயிறு அசையவில்லை.

மேலே தம்பி நின்றுகொண்டிருப்பான். கயிறு துடித்ததைப் பார்த்திருப்பான். அவன் கை அதைத் தொடவில்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது. அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டான். இதை மட்டும் கேட்டுக்கொண்டான்.

அவள் தலைக்கு மேலிருந்த முடிச்சைப் பிடித்தாள். காலைப் பாறையில் ஊன்றி உடம்பைத் தூக்கினாள்.

"ஒண்ணு" என்றாள், உரக்க. இனி மறைக்க எதுவும் இல்லை.

பறவைகள் கத்தின. அடுத்த முடிச்சுக்குக் கையை நீட்டினாள்.

"ரெண்டு."