டின்னின் பின்பக்கம்

என் அக்காவின் பூனைக்கு மாப்பிள்ளை என்று பெயர். வேலைவெட்டி கிடையாது, வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வேறென்ன பெயர் வைப்பது? கட்டினவனை விட்டுப் பிரிந்து வந்தவளுக்கு அந்த இரண்டு அறை வீட்டில் பேச்சுத்துணை அது ஒன்றுதான்.

மாப்பிள்ளைக்குச் சிறுநீரில் கல் என்று கால்நடை மருத்துவர் சொன்ன அன்று அக்கா எனக்குப் போன் செய்தாள். உலர்ந்த தீனியை அடியோடு நிறுத்திவிட்டு, தண்ணீர்ச் சத்துள்ள டின் உணவுக்கு மாற வேண்டுமாம். அதிலும் தாது உப்புகள் குறைந்ததாகப் பார்த்து வாங்க வேண்டுமாம். மறுபடி அடைத்துக்கொண்டால் பிழைப்பது கஷ்டம் என்றும் சொல்லியிருந்தார்.

"கடையில முப்பது வகை இருக்குடி. பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சுப் படிச்சுத் தலையே சுத்துது. எதை வாங்கட்டும்?"

நான் பூனை, நாய்களுக்கு உணவு தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். டின்னின் முன்பக்க வாசகங்கள் என் பொறுப்பு. எது எத்தனை சதவீதம் என்ற பொடி எழுத்தெல்லாம் பின்பக்கம்; அது பரிசோதனைக் கூடத்திலிருந்து வரும். அதற்கு ஒரு கட்டம் காலியாக விடுவதோடு என் வேலை முடிந்தது. ஒரு நாளும் படித்ததில்லை.

எங்கள் கடல்மீன் டின்னுக்கு 'சிறுநீர்க் கல்லைத் தடுக்கும்' என்றுதான் முதலில் எழுதினேன். கம்பெனி வக்கீல் சிவப்பு மையால் அடித்தார்.

"தடுக்கும்னு போட்டா நிரூபிக்கணும்மா. இதமானதுன்னு போடுங்க. இதத்தை எவன் அளந்து பாக்கப் போறான்?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். 'சிறுநீர்ப் பாதைக்கு இதமானது' என்று அச்சேறியது.

மாதக் கடைசியில் நசுங்கிய டின்களை எங்களுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். அதில் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் அக்கா வீட்டில் இறக்கினேன். ஓசியில் கிடைத்ததை உதவி போலக் கொடுப்பதில் எனக்கு ஈடு கிடையாது.

அக்கா கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். "பின்னாடி தாது உப்பு மூணரை சதவீதம்னு போட்டிருக்கே. டாக்டர் ரெண்டுக்கு மேல போகக் கூடாதுன்னாரே?"

"டாக்டருங்க நாலும் சொல்வாங்க. முன்னாடி என்ன போட்டிருக்கு, படி."

"சிறுநீர்ப் பாதைக்கு இதமானது."

"எழுதினது யாரு?"

"நீதான்" என்று சிரித்தாள். பூதக்கண்ணாடியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். மாப்பிள்ளை தட்டை வழித்து நக்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில் மாப்பிள்ளை மணல் தட்டில் குந்திக் குந்தி முக்கியது. ஒரு சொட்டும் வரவில்லை. மருத்துவமனை மேசையிலேயே போய்விட்டது. அக்கா வெறும் கூடையோடு வீடு திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கழுவிய தட்டு ஜன்னலோரம் கவிழ்ந்து கிடந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

"மிச்சம் பன்னெண்டு டின் இருந்துச்சு. கீழ் வீட்டுத் தையல்காரம்மா பூனைக்கும் இதே தொந்தரவாம். குடுத்துட்டேன். எங்க மாப்பிள்ளைக்குக் குடுத்து வைக்கல, உங்களுதாவது நல்லா இருக்கட்டும்னேன். என் தங்கச்சியே எழுதினதுன்னும் சொன்னேன்."

ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். 'அந்த வாசகம் பொய், எழுதினவள் நான்' என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா கதவைத் திறந்தாள். "நீங்கதான் அந்தத் தங்கச்சியா? வாங்க, வாங்க!" டின்கள் தையல் மிஷின் பக்கத்தில் அடுக்கியிருந்தன. இன்னும் ஒன்றும் திறக்கவில்லை. அவள் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்ததும் என் நாக்கு புரண்டுவிட்டது.

"இந்த டின்னெல்லாம் தேதி முடிஞ்சது. குடுத்துடுங்க."

பன்னிரண்டையும் பையில் போட்டுத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன், வெட்கம் கெட்டவள்.

மேலே ஏறி வந்தால், எனக்கு முன்னாலேயே தையல்காரம்மா அங்கே வந்து நின்றிருந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடி மடியில் கிடந்தது.

"எல்லாத்தையும் கண்ணாடி வச்சுப் பாத்தேனேடி. தேதிய மட்டும் பாக்காம விட்டுட்டேனே. என் கையாலயே ஊட்டிக் கொன்னுட்டேனே."

தையல்காரம்மா என்னைப் பார்த்தாள். நீயாவது ஆறுதல் சொல்லேன் என்கிற பார்வை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ குடுத்தப்ப நல்லாத்தான் இருந்திருக்கும். நான்தான் வச்சிருந்து குடுத்துட்டேன். ஆபீஸ்ல வாயத் திறந்துடாத. உன் வேலைக்கு ஏதும் வந்துடப் போகுது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான்.

நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"விடுக்கா. தெரிஞ்சா செஞ்ச?" என்றேன். இதமாகத்தான் சொன்னேன்.